உங்கள் ஆட்டத்துக்கு எந்த ஷட்டில் பேட்?

பேட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஸ்மாஷுக்கு எது நல்லா இருக்கும்?" என்றுதான். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிப் பேருக்குத் தவறான பேட்தான் கையில் வந்து சேரும். கேட்க வேண்டியது வேறு. மூன்றாவது கேம், ஸ்கோர் 17-18, சட்டை முழுக்க நனைந்துவிட்டது, தோள் கனக்கிறது. அந்த நேரத்தில் பின்கோட்டின் மூலையிலிருந்து நீங்கள் பேக்ஹேண்டில் தூக்கும் ஷட்டில்காக் (சுருக்கமாக, காக்) எதிர்ப்பக்கம் எங்கே போய் விழுகிறது? உடம்புக்கு நேராக வரும் ஸ்மாஷை எடுக்க பேட் நேரத்துக்கு வந்து சேர்கிறதா? முதல் பத்து நிமிடம் எந்த பேட்டும் நன்றாகத்தான் இருக்கும். கை புதிதாக இருக்கும்போது கனமான தலையையும் வேகமாகச் சுழற்றிவிடலாம், விறைப்பான ஷாஃப்டையும் (பிடிக்கும் தலைக்கும் நடுவில் உள்ள தண்டு) வளைத்துவிடலாம். களைத்த கைக்கு எது ஒத்துழைக்கிறதோ அதுதான் உங்கள் பேட்.

நம் ஊர் உள்ளரங்கக் கோட்டுகளில் காலையிலும் மாலையிலும் நடப்பது பெரும்பாலும் டபுள்ஸ். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுக்கும் கோட்டில் நான்கு பேராக ஆடினால்தான் கட்டுப்படியாகும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி டபுள்ஸ் ஆடுகிறவர்களை மனதில் வைத்தது.

எடை: எழுத்தை நம்பாமல் தராசை நம்புங்கள்

யோனெக்ஸ் கம்பெனியின் கணக்கில் 3யு என்றால் 85 முதல் 89 கிராம், 4யு என்றால் 80 முதல் 84, 5யு என்றால் 75 முதல் 79. எண் கூடக் கூட எடை குறையும். விக்டரும் யு கணக்கையே பின்பற்றுகிறது. லி-நிங் பேட்டில் டபிள்யூ எழுத்துடன் எண் வந்தால் அது நேர் எதிர், எண் கூடினால் எடையும் கூடும். சில மாடல்களில் கிராமையே நேராக அச்சிட்டுவிடுவார்கள்.

இந்த எடை நரம்பு, கிரிப் எதுவும் இல்லாத வெறும் பேட்டின் எடை. நரம்பு ஏறக்குறைய 5 கிராம், மேலே சுற்றும் ஓவர்கிரிப் இன்னொரு 5 கிராம், கம்பெனி கிரிப் தனி. 4யு பேட் ஆடத் தயாராகி கைக்கு வரும்போது 95 கிராமையும் தொட்டுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். 80 கிராமும் 4யு, 84 கிராமும் 4யு. ஒரே மாடலில் இரண்டு பேட் வாங்கி, "இது மட்டும் ஏன் கனமா இருக்கு?" என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். இரண்டாவது பேட் வாங்கும்போது கடையிலேயே நிறுத்துப் பார்த்து, முதலாவதற்கு நெருக்கமானதை எடுங்கள்.

டபுள்ஸுக்கு 4யு என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும் தொடக்கப் புள்ளி. 3யு எடுப்பதற்குத் தெளிவான காரணம் வேண்டும். சிங்கிள்ஸ் அதிகம் ஆடுகிறீர்கள், முழு வீச்சு வேகமாக வருகிறது, டிஃபென்ஸில் பேட் தாமதிக்கவில்லை என்றால் எடுக்கலாம். 5யு ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், மணிக்கட்டு மெலிந்தவர்களுக்கும், முன்கோட்டிலேயே நின்று ஆடுகிறவர்களுக்கும் நல்ல தேர்வு. ஆனால் மிக லேசான பேட்டில் வேகமாக வரும் காக்கைத் தடுக்கும்போது முகம் லேசாகத் திரும்பிவிடும், பிளாக் தடுமாறும். ஒரு கோட்டில் நன்றாகப் பறக்கும் பேட் பலமான ஸ்மாஷர்கள் ஆடும் இன்னொரு கோட்டில் ஆட்டம் காண்பது இதனால்தான்.

தலை கனமா, பிடி கனமா

பேட்டைப் பக்கவாட்டில் ஒரு விரல்மேல் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிடியின் அடிநுனியிலிருந்து அந்தக் கோடுவரை டேப்பால் அளந்தால் அதுதான் பேலன்ஸ் புள்ளி. பேட்டின் மொத்த நீளம் விதிப்படி 680 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் 675. பொதுவாக 285 மி.மீ.க்குக் கீழே வந்தால் தலை லேசு, 285 முதல் 295 வரை சமநிலை, அதற்கு மேல் தலை கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை ஒப்பிடும்போது ஒரு கணக்கு கைவசம் இருக்க வேண்டும். கம்பெனி கிரிப்போடு 88 கிராம் எடையும் 290 மி.மீ. பேலன்ஸும் உள்ள பேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 5 கிராம் நரம்பு போட்டால் புள்ளி சுமார் 303-க்கு ஏறிவிடும். நரம்பின் எடை முழுவதும் தலையில், அடிநுனியிலிருந்து 540 மி.மீ. தூரத்தில் உட்காருகிறது அல்லவா? அதன்மேல் 5 கிராம் ஓவர்கிரிப் சுற்றினால் திரும்பவும் 293-க்கு இறங்கும். ஆக, விளம்பரத்தில் போட்டிருக்கும் வெறும் பேட்டின் எண்ணையும், நண்பரின் பேட்டில் நரம்பு கிரிப்போடு நீங்கள் அளந்த எண்ணையும் ஒப்பிட்டால் எந்த முடிவும் கிடைக்காது. நரம்பு போட்டதை நரம்பு போட்டதோடு, ஓவர்கிரிப் சுற்றியதை ஓவர்கிரிப் சுற்றியதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவதும். தலை கனமாகத் தெரிகிறது என்று பிடியில் கிரிப்மேல் கிரிப்பாகச் சுற்றுவார்கள். விரலில் வைத்துப் பார்த்தால் புள்ளி இறங்கியிருக்கும். ஆனால் சுழற்றும்போது கை எதிர்கொள்வது தலையில் உள்ள எடையை. அது எங்கேயும் போகவில்லை. சுழற்சியில் ஒரு கிராமின் தாக்கம் கையிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பிடியில் 5 கிராம் ஏற்றுவதால் டிரைவ் ஆட்டத்தில் (நெட்டை ஒட்டித் தட்டையாக, வேகமாக அடிப்பது) வரும் தாமதம் பெரிதாகக் குறையாது. தலையில் 1 கிராம் கூடினால் உடனே தெரியும். ஃப்ரேமின் உச்சியில் 1 கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் பேலன்ஸ் புள்ளி ஏறக்குறைய 4 மி.மீ. மேலே போகும். தலை லேசான பேட்டில் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் புது பேட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். உச்சியின் இரு பக்கமும் அரை அரை கிராமாகப் பிரித்து ஒட்டினால் முறுக்கிக்கொள்ளாது. தலை கனமான பேட்டை லேசாக்க இப்படி எளிய வழி கிடையாது. சந்தேகம் இருந்தால் லேசான பக்கம் சாய்ந்து வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

தலை கனமான பேட் சுத்தியலைப் போல வேலை செய்யும். வீச்சுக்கு நேரம் கிடைத்தால் அதன் கனமே காக்கை இறக்கிவிடும். நேரம் கிடைக்காதபோதுதான் பிரச்சினை. நெட்டுக்கு அருகில் இருவர் மாறி மாறி டிரைவ் அடிக்கும்போது, முதல் அடியை அடித்துவிட்டு பேட்டைத் திரும்ப முன்னால் கொண்டுவருவதற்குள் அடுத்த காக் வந்துவிடும். வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்டில் தாமதமாகத் தொட்டால் பேட்டின் முகம் வெளிப்பக்கம் திறந்தே இருக்கும், காக் வலப்பக்க ஓரக்கோட்டைத் தாண்டிப் போகும். டிரைவ்கள் தொடர்ந்து வலப்பக்கம் வெளியே போகின்றன என்றால் உங்கள் கையைக் குறைசொல்லும் முன் பேட்டின் தலையைச் சந்தேகியுங்கள்.

ஷாஃப்ட்: கவனம் கிடைக்காத, ஆனால் முதலில் பார்க்க வேண்டிய விஷயம்

எடையும் பேலன்ஸும் கண்ணுக்குத் தெரிகிற எண்கள். ஷாஃப்டின் விறைப்பு அப்படி இல்லை. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் இதற்கு இல்லை. ஒருவர் மீடியம் என்று எழுதுவது இன்னொருவரின் ஸ்டிஃப்பாக இருக்கும். ஆனாலும் தவறாக வாங்கிய பேட்டுகளைப் பார்த்தால் அதிகம் தவறியிருப்பது இந்த இடத்தில்தான்.

நடப்பது இதுதான். வீச்சைத் தொடங்கும்போது பிடி முன்னால் போகிறது, தலை பின்னால் தங்குகிறது, நடுவில் ஷாஃப்ட் வளைகிறது. காக்கைத் தொடும் நேரத்தில் அது நிமிர்ந்து வந்தால் அந்த விசை காக்குக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வீச்சு மெதுவாக இருந்து ஷாஃப்ட் மிக விறைப்பாக இருந்தால் அது வளையவே வளையாது. கூடுதல் விசை இல்லை, முழு வேலையும் தோளுக்கு. வீச்சு மிக வேகமாக இருந்து ஷாஃப்ட் மிக இளகலாக இருந்தால், காக்கைத் தொட்ட பிறகும் தலை நிமிர்ந்து முடிந்திருக்காது. அடி பலமாக இருக்கும், திசை மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும்.

உங்கள் வீச்சு எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள பேஸ்லைனில் நின்று, தலைக்கு மேல் வசதியாக வரும் காக்குகளைப் பத்துத் தடவை க்ளியர் (உயரமாக, எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு) அடியுங்கள். குதிக்க வேண்டாம், பலத்தைக் கூட்டவும் வேண்டாம். டபுள்ஸ் லாங் சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையில் 76 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறதே, அதில் பத்தில் ஏழெட்டு விழுந்தால் ஸ்டிஃப் ஷாஃப்டைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பட்டைக்கு ஒரு மீட்டர் முன்னால் விழுகிறது என்றால் மீடியம். கோட்டின் நடுவிலேயே இறங்கிவிடுகிறது, அதுவும் காக்கைச் சரியான உயரத்தில் தொட்ட பிறகும் இறங்குகிறது என்றால் ஃப்ளெக்ஸிபிள்தான், தயங்க வேண்டாம். இதே சோதனையை ஆட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்தில் திரும்பச் செய்யுங்கள். முதல் பதிலும் கடைசிப் பதிலும் வேறுபட்டால் கடைசிப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பேட்டை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பார்ப்பது இரண்டு பேட்டுகளை ஒப்பிட மட்டும் உதவும். அதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். முழங்காலில் வைத்து அழுத்துவது வேண்டாம்.

புதிதாக ஆட வருகிறவர்களுக்குத் தலை லேசான பேட்டைக் கொடுப்பது பரவலாக இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களின் முதல் தடை காக் பின்கோட்டுக்குப் போகாததுதான். தலை லேசு, ஷாஃப்ட் விறைப்பு என்ற சேர்க்கையில் அது இன்னும் மோசமாகும். மொத்த எடை குறைவாகவும் (4யு அல்லது 5யு), தலை கொஞ்சமே கனமாகவும், ஷாஃப்ட் இளகலாகவும் இருந்தால் பாதி வீச்சிலேயே காக் பின்னால் போய்ச் சேரும். காக் போகத் தொடங்கினால் அவர்கள் பலத்தைக் கூட்ட முயல்வதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பயன்படுத்தக் கற்பார்கள். பேட் செய்கிற மிகப் பெரிய உதவி அது.

'பவர் பேட்' என்ற பெயர்மேல் இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று உண்டு. இந்திய டபுள்ஸ் வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரலில் ஜப்பானில் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்து கின்னஸ் சாதனை படைத்தார். கையில் இருந்தது யோனெக்ஸ் நானோஃப்ளேர் 1000இசட். தலை லேசான, 'வேகம்' என்று பெயரிட்டு விற்கப்படும் வரிசையைச் சேர்ந்த பேட் அது. ஷாஃப்ட் மிகவும் விறைப்பு. அவருடைய வீச்சு வேகம் அந்த ஷாஃப்டை வளைக்கிறது, தலை லேசாக இருப்பதால் பேட் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. அதே பேட்டை வாரம் இரண்டு நாள் ஆடும் ஒருவர் கையில் கொடுத்தால் க்ளியர் கோட்டின் நடுவில் விழும்.

எந்த ஆட்டத்துக்கு எது

பின்கோட்டிலிருந்து தாக்குகிறவர் என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்மாஷ் அடித்து முடித்ததும் அடுத்த காக்கை யார் எடுக்கிறார்? ஜோடி முன்னால் நன்றாகக் காவல் காக்கிறார், நீங்கள் பின்னாலேயே இருக்கிறீர்கள் என்றால் தலை கனமான பேட் பலன் தரும். யோனெக்ஸில் ஆஸ்ட்ராக்ஸ், விக்டரில் த்ரஸ்டர், லி-நிங்கில் ஆக்ஸ்ஃபோர்ஸ் ஆகியவை இந்த வகை. ஆனால் நம் கோட்டுகளில் ஜோடி அடிக்கடி மாறும், இருவரும் இடம் மாறி நிற்பது சரியாக வராது, பின்னால் அடித்தவரே முன்னால் ஓடிவந்து டிரைவும் எடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குத் தலை கொஞ்சம் மட்டும் கனமான 4யு போதும்.

முன்கோட்டில் நின்று இடைமறிக்கிறவருக்கும், தட்டையாக டிரைவ் ஆடுகிறவருக்கும், டிஃபென்ஸில் உயிர்வாழ்கிறவருக்கும் யோனெக்ஸ் நானோஃப்ளேர், விக்டர் ஆராஸ்பீட், லி-நிங் பிளேட்எக்ஸ் வரிசைகள். மெல்லிய ஏரோ ஃப்ரேம் காற்றை வெட்டிக்கொண்டு வரும். அதே மெல்லிய ஃப்ரேம் அடியின்போது கொஞ்சம் வெற்றாக உணரவைக்கும், பெட்டி வடிவ ஃப்ரேமில் கிடைக்கும் திண்மையான தொடுதல் இருக்காது. சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் யோனெக்ஸ் ஆர்க்சேபர் 11 ப்ரோ, விக்டர் டிரைவ்எக்ஸ், லி-நிங் ஹால்பர்டெக் போன்ற நடுநிலை வரிசைகளைப் பார்க்கலாம். காக்கை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து எதிராளியை ஓடவிடுகிற சிங்கிள்ஸ்காரர்களுக்கும் இவையே பொருந்தும்.

யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 88 ஜோடி பார்க்கத் தகுந்த உதாரணம். 88டி பின்கோட்டுக்காரருக்கு, 88எஸ் முன்கோட்டுக்காரருக்கு என்றே செய்தவை. ஒரே வரிசை, ஒரே எண், நோக்கம் வேறு. வரிசைப் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. இன்னொரு பக்கம், ஒரே வரிசைக்குள் விலை குறைந்த மாடல்களில் ஷாஃப்ட் இளகலாக இருக்கும், விலை கூடக் கூட விறைப்பு கூடும். உச்ச விலை மாடல் தொழில்முறை வீரர்களின் வீச்சுக்காகச் செய்தது. பணம் இருக்கிறது என்பதற்காக அதை வாங்கினால் காசையும் கொடுத்து தோள்வலியையும் வாங்குகிறோம்.

ஐநூறு, எழுநூறு ரூபாய்க்கு ஜோடியாகக் கிடைக்கும் பேட்டுகளில் தலை அலுமினியம், ஷாஃப்ட் இரும்பு, நடுவில் டி வடிவ இணைப்பு கண்ணுக்குத் தெரியும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஆட அது போதும். கோட்டில் ஆடப்போகிறீர்கள் என்றால் முழு கிராஃபைட், ஒரே வார்ப்பு. அதில் தொடங்குங்கள்.

கிரிப்

யோனெக்ஸ் கணக்கில் ஜி4-ஐ விட ஜி5 மெல்லியது, அதைவிட ஜி6. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் ஜி5. லி-நிங்கில் எஸ்1 மெல்லியது, எஸ்2 அதைவிடத் தடிமன். இயல்பாகப் பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் இடையில் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் பிடி மெல்லிசு. கை தானாக இறுக்கிப் பிடிக்கும், முன்கை சீக்கிரம் களைக்கும். இடைவெளி மிக அதிகமாக இருந்தால் பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலை மாற்றிவைக்க முடியாது. எப்போதும் மெல்லிசாக வாங்கி ஓவர்கிரிப்பால் கூட்டிக்கொள்ளுங்கள். தடிமனை இழைத்துக் குறைக்க முடியாது.

கம்பெனி கிரிப்பை உரித்துவிட்டு மரத்தின்மேல் நேராக ஒரு ஓவர்கிரிப் சுற்றுகிறவர்கள் உண்டு. விரலில் சுழற்ற நன்றாக இருக்கும். பிடியின் பக்கங்களும் விளிம்புகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் பிடியிலிருந்து பத்து கிராம் அளவுக்குப் போய்விடும் என்பதால் பேலன்ஸ் புள்ளி இரண்டு செ.மீ. வரைகூட மேலே ஏறும். சமநிலை பேட் என்று வாங்கியது தலை கனமான பேட் ஆகிவிடும். அதிகம் வியர்க்கும் கைக்கு டவல் கிரிப் நல்லது. அது வியர்வை குடித்துக் கனக்கும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஓவர்கிரிப் வாரக்கணக்கில்தான் தாங்கும். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்து ஆடுவது முழங்கை வலிக்கு நேர்வழி.

நரம்பும் கட்டிங்கும்

பேட்டை மாற்றும் முன் நரம்பை மாற்றிப் பாருங்கள். முப்பது நிமிட வேலை, சில நூறு ரூபாய் செலவு. பேட்டின் குணம் அந்த அளவுக்கு மாறும்.

கட்டிங் (பேட்டுக்கு நரம்பு கட்டுவது) போடும் இடத்தில் அதிகம் கேட்கும் வசனம், "அண்ணே, 28 போட்டுருங்க" என்பது. எதற்கு 28 பவுண்டு இறுக்கம் என்றால் பதில் இருக்காது. நரம்பு இறுக இறுகப் பேட்டின் முகம் காக்கைத் தூக்கிவிடும் வேலையைக் குறைத்துக்கொள்ளும், நடுவில் நன்றாகப் படும் பகுதியும் சுருங்கும். சரியாக நடுவில் தொடுகிறவருக்கு அது துல்லியம். தொடாதவருக்குக் கையில் அதிர்வும் குறைந்த தூரமும்தான் மிச்சம். தொடக்க நிலைக்கு 20 முதல் 22 பவுண்டு, வாரம் மூன்று நான்கு நாள் ஆடுகிறவருக்கு 23 முதல் 25, அதற்கு மேலே போக பத்து காக்கில் ஒன்பதை நடுநரம்பில் தொடுகிற கை வேண்டும். கிடைவரிசையை நெடுவரிசையைவிட 1 அல்லது 2 பவுண்டு கூட்டிப் போடுவது வழக்கம். ஃப்ரேமின் வடிவம் மாறாமல் இருக்க அது உதவும். கோனிலோ (பிடிக்கு மேலே உள்ள கூம்பு) ஷாஃப்டிலோ அச்சிட்ட உச்ச வரம்பைத் தாண்டிப் போட்டு ஃப்ரேம் உடைந்தால் வாரண்டி பற்றிப் பேசவே முடியாது.

நரம்பில் யோனெக்ஸ் பிஜி65 0.70 மி.மீ. தடிமன், நீண்ட நாள் உழைக்கும். பிஜி80 0.68, அடி இறுக்கமாகத் தெரியும். பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 அதைவிட மெல்லிசு. மெல்லிய நரம்பு காக்கைத் துள்ளலாகத் தள்ளும், சத்தமும் நன்றாக இருக்கும், சீக்கிரம் அறும். பெரும்பாலானவர்களுக்கு பிஜி65 23 பவுண்டில் என்பதே நான் சொல்லும் முதல் பதில்.

அறுந்த நரம்பைத் தூக்கி எறியும் முன் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் அறுந்திருந்தால் தேய்மானம், இயல்பு. ஃப்ரேமின் உச்சியை ஒட்டி அறுந்தால் காக் நடுவில் படவில்லை. எப்போதாவது என்றால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே அறுந்தால் பெரும்பாலும் பேட் தாமதமாக வருகிறது என்று பொருள். அடுத்த தடவை 2 பவுண்டு குறைத்துப் போட்டு, தலை லேசான பேட்டை இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். காக் பட்டுப் பட்டு நரம்பில் விழும் கறையும் இதையே சொல்லும். கறை நரம்புப் பரப்பின் மையத்திலிருந்து உச்சிப்பக்கம் இரண்டு விரல்கடை தள்ளி இருப்பது நல்ல அடி. அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால் கவனம் தேவை.

நரம்பு ஆட்டத்தின் நடுவில் அறுந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் தங்கினால் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். கத்தரிக்கோலால் நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக எல்லா நரம்பையும் உடனே வெட்டிவிடுங்கள். அதேபோல் வெயிலில் நிற்கும் காருக்குள் பேட் பை கிடக்கக் கூடாது. நரம்பும் தளரும், ஃப்ரேமுக்கும் கெடுதல்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலி தொடங்கிவிட்டவர்கள் கட்டிங்கை 20, 21-க்கு இறக்கி, மீடியம் அல்லது ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்டுக்கு மாறி, கிரிப்பை ஒரு சுற்று தடிமனாக்கிப் பார்க்கலாம். வலி தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு பிசியோவிடம் போக வேண்டும். பேட் அதைக் குணப்படுத்தாது.

இரவல் வாங்கிச் சோதிப்பது

பேட்டைக் கடையில் காற்றில் வீசிப் பார்த்து வாங்குவது வீண். உங்கள் கோட்டில் ஆடுகிறவர்களிடம் ஆளுக்கொன்று விதவிதமாக இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். முதலில் நரம்பின் இறுக்கத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். 27 பவுண்டு பேட்டையும் 22 பவுண்டு பேட்டையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது நரம்பை.

சோதனையை ஸ்மாஷில் தொடங்காதீர்கள். எந்தப் புது பேட்டிலும் முதல் ஸ்மாஷ் நன்றாகத்தான் இறங்கும், மனம் மயங்கிவிடும். ஒருவரை எதிரே நடுக்கோட்டில் நிறுத்தி ஒரு நிமிடம் இடைவிடாமல் டிரைவ் அடியுங்கள். முப்பது விநாடிக்குப் பிறகு பேட் தாழத் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அவரை உங்கள் வலது இடுப்பை நோக்கி ஸ்மாஷ் அடிக்கச் சொல்லுங்கள். டிஃபென்ஸில் மிகச் சங்கடமான இடம் அது. தலை கனமான பேட் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அடுத்து பேக்ஹேண்ட் மூலையிலிருந்து க்ளியர். ஷாஃப்ட் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை இந்த ஒரு அடி எல்லாவற்றையும்விட நேர்மையாகச் சொல்லும். ஏனென்றால் அங்கே தோள்பலம் உதவிக்கு வராது. ஷார்ட் சர்வீஸும் ஃப்ளிக் சர்வீஸும் பத்துப் பத்துப் போட்டுப் பாருங்கள். ஷார்ட் சர்வீஸ் நெட்டுக்கு மேலே உயர்ந்து போகிறதென்றால் நரம்பின் துள்ளல் உங்கள் கைக்கு அதிகம். ஸ்மாஷ் எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்போதும் வேகத்தைப் பார்க்க வேண்டாம். ஐந்து ஸ்மாஷும் நினைத்த இடத்தில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இத்தனையும் ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்த பிறகு செய்ய வேண்டும். நைலான் காக்கில் சோதித்துவிட்டு இறகு காக்கில் ஆடப்போவதும் சரியாக வராது. நைலானின் எதிர்வினையும் பறக்கும் விதமும் வேறு. எந்தக் காக்கில் ஆடுகிறீர்களோ அதில் சோதியுங்கள். முடிவெடுத்து வாங்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் பழைய பேட்டைத் தொடாதீர்கள். மாறி மாறி ஆடினால் தொடும் நேரம் இரண்டிலும் கெடும்.

கையில் எட்டாயிரம் ரூபாய் இருந்தால் எட்டாயிரம் ரூபாய் பேட் ஒன்று வாங்காமல், நாலாயிரத்தில் ஒரே மாடல் இரண்டு வாங்குங்கள். அதே கிராம், அதே கிரிப், அதே நரம்பு. ஒன்றில் 24 பவுண்டு, இன்னொன்றில் 23. புதிதாகக் கட்டிய நரம்பு முதல் ஓரிரு நாளிலேயே கொஞ்சம் தளரும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் கட்டாமல் சில வாரம் இடைவெளி விடுங்கள். ஜோடியின் பேட்டோடு மோதிவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் மட்டும் போயிருக்கிறதா, கார்பன் விரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது விரிசல். அந்த பேட்டை அடுத்த கட்டிங்குக்குக் கொடுக்கும் முன் கட்டிங்காரரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். மெஷினில் இழுக்கும்போதுதான் விரிசல் விட்ட ஃப்ரேம் உடையும், பழி அவர்மேல் விழும். விரிசல் உச்சியிலோ அதன் இரு தோள்களிலோ இருந்தால் அவர் இறுக்கத்தைக் குறைத்துப் போடுகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது பேட்டை எடுத்துக்கொண்டு ஆடப் போங்கள்.